மதகு திறக்கும் நேரம்

தஞ்சோங் நீப்பா தோட்டத்தின் கடலோரப் பகுதி கடல் ஏற்றத்தைவிடத் தாழ்வாக இருந்தது. புக்கிட் ரோத்தானிலிருந்து வரும் செம்மண் சாலை முடிகிற இடத்தில், பாக்காவ் என்னும் அலையாத்திக் காட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவே ஒரு மண்கரை போட்டிருந்தார்கள். கரையின் மத்தியில் இரும்புக் கதவு வைத்த மதகு. மலாய் மொழியில் கதவுக்குச் சொல்வதுபோல், தோட்டத்தில் எல்லோருக்கும் அது பிந்து. கடல் வற்றும்போது கைப்பிடியைச் சுற்றிக் கதவைத் தூக்கினால் கால்வாய்களில் தேங்கிய மழைத்தண்ணீர் வெளியே போகும். கடல் திரும்பிக் கால்வாய் மட்டத்துக்கு ஏறுவதற்குள் இறக்கிவிட வேண்டும். இறக்காமல் விட்டால் உப்புத்தண்ணீர் உள்ளே வந்துவிடும். உப்பு ஏறிய மண்ணில் செம்பனைக் கன்று நிற்காது.

பிந்துவைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேர் இருந்தார்கள், நல்லசாமியும் சன்னாசியும். நல்லசாமி கடலோரத்து ஆள் இல்லை. அவர் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்தை வீடு கட்டுகிறவர்கள் வாங்கிவிட, மனைவி லெட்சுமியோடும் இரண்டு பெண் பிள்ளைகளோடும் இங்கே வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. தண்ணீர் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்பதெல்லாம் அவருக்குப் பிடிபடவில்லை. ஆபீஸ் தலைமை எழுத்தரான பெரிய கிராணி வாசு அச்சடித்த கடல் நேரப் புத்தகத்தைப் பார்த்து நேரம் சொல்வார். சொன்ன நேரத்துக்குக் கதவைத் தூக்கிவிட்டு, இருவரில் ஒருவர் கரையிலேயே நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

எண்பத்தெட்டின் கடைசியில் ஆபீசுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அதைத் தொடத் தெரிந்தவள் ஹமீதா ஒருத்திதான். கோலசிலாங்கூர் பஸ் நிலையத்துக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் மீரா முகைதீனின் இரண்டாவது மகள். கிள்ளானில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியவள். தோட்டத்து ஆபீசில் சின்னக் கிராணியாகச் சேர்ந்து அப்போது ஆறேழு மாதம் இருக்கும்.

வாசுவுக்கு ஐம்பத்து மூன்று வயது. கட்டளை எழுதி இயந்திரத்தை வேலை வாங்குவது அவருக்கு வரவில்லை. ஒரு புள்ளி தவறினாலும் அது ஏதோ முணுமுணுத்துவிட்டு நின்றுகொள்ளும். அவருக்கு முகம் சிவந்துவிடும். அவருக்காகத்தான் ஹமீதா ஒரு சின்ன நிரல் கோப்பை எழுதினாள். அதற்குப் பெயரும் பிந்துதான். திரையில் அந்தப் பெயரின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் மௌஸை இரண்டு தட்டுத் தட்டினால் போதும். எழுதி வைத்த கட்டளைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமே ஓடும். கடல் நேரங்கள் உள்ள கோப்பைத் திறந்து, அன்றைய தேதியைப் பார்த்து, மதகைத் திறக்கும் நேரத்தையும் மூடும் நேரத்தையும் பிரிண்டரில் அடித்துக் கொடுத்துவிடும்.

முதல் நாள் தாள் வெளியே வந்தபோது வாசு அதைக் கிழித்துக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“இவ்வளவுதானா? ரெண்டு தட்டுதானா?”

“ரெண்டு தட்டுதான் சார்.”

“என் சம்சாரம்கூடச் செய்வாளே லா!”

அதன் பிறகு அவருக்குக் கம்ப்யூட்டர் மேல் ஆசையே வந்துவிட்டது. கோப்புகளைப் பிரித்து வைக்கும் டைரக்டரிகளை அவர் அலமாரி என்பார். தனக்கென்று ஒரு அலமாரி வேண்டுமென்று கேட்டு வாங்கிக்கொண்டார். மதிய இடைவேளைகளில் டைப் செய்து பழகுவதற்காக, கழிந்துபோன எண்பத்தெட்டாம் ஆண்டின் கடல் நேரப் புத்தகத்தை முழுவதும் அதில் அடித்து வைத்தார். ஹமீதாவின் நிரலுக்கு அது புரிய வேண்டுமென்றால் அவள் தன் கோப்புக்கு வைத்த அதே பெயரை வைக்க வேண்டும். அவள்தான் சொல்லிக்கொடுத்தாள், அவரும் வைத்தார். பழகுவதற்குத்தானே என்று இருவரும் அதோடு விட்டுவிட்டார்கள்.

மானேஜர் ரெங்கசாமிக்கும் பிந்து தாள் பிடித்திருந்தது. நேரம் இவ்வளவு திருத்தமாக வருகிறபோது கரையில் இரண்டு பேர் எதற்கு என்று கேட்டார். சன்னாசியை உரம் போடும் வேலைக்கு அனுப்பினார். நல்லசாமி தாளில் உள்ள நேரத்துக்குப் போய்த் திறந்துவிட்டு, மூடும் நேரம் வரை உள்பக்கம் கால்வாய் வெட்ட வேண்டும் என்றார்.

ஆகஸ்டில் ஹமீதாவின் அக்காள் அஜீஸாவுக்குச் சுங்கை பெசாரில் குழந்தை பிறந்தது. ஹமீதா லீவு போட்டுவிட்டுத் தாயோடு போனாள். போகுமுன் வாசுவிடம், “தினமும் காலையில தாள் எடுத்துக் குடுத்துருங்க சார்,” என்றாள்.

“அதெல்லாம் எனக்குத் தெரியும் லா. நீ போய்ப் புள்ளையப் பாரு.”

அவர் சொன்னதுபோலவே தினமும் எடுத்துக் கொடுத்தார். ஆனால் ஒவ்வொரு நாளும் தன் அலமாரியிலிருந்து வெளியேறி, ஹமீதாவின் அலமாரியைத் தேடிப் போய்ப் பிந்துவைத் தட்டுவது அவருக்குத் தொல்லையாக இருந்தது. ஒரு கோப்பை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் பிரதி எடுக்க அவள் அவருக்குக் கற்றுக் கொடுத்திருந்தாள். பிந்துவைத் தன் அலமாரிக்குள் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டார். மறுநாள் காலை அதன்மேல் இரண்டு தட்டுத் தட்டினார். எப்போதும்போல் பிரிண்டர் சத்தம் போட்டது. எப்போதும்போல் தாள் வந்தது. தேதி சரியாக இருந்தது. வருஷம் போடும் வழக்கம் அந்தத் தாளில் இல்லை.

அன்றைய தாளில் பதினொரு மணிக்குத் திறந்து மூன்று மணிக்கு மூட வேண்டும் என்று இருந்தது.

நல்லசாமி பதினொரு மணிக்குக் கதவைத் தூக்கினார். தண்ணீர் வெளியேதான் ஓடியது. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கால்வாய் வெட்டப் போனார். உண்மையில் அன்று கடல் பத்து மணிக்கே வற்றி முடிந்து திரும்பியிருந்தது. அமாவாசைக்கு அடுத்த நாள். ஏற்றம் பெரிதாக இருக்கும் நாள். அவர் தூரத்தில் முட்டளவு சேற்றில் குனிந்திருந்தபோது, வெளியே ஓடிய தண்ணீர் மெல்ல நின்று, பிறகு உள்பக்கமாகத் திரும்பியது.

மூன்று மணிக்கு முன்னாலேயே கால்வாய்த் தண்ணீர் தன் முழங்காலிலிருந்து தொடைக்கு ஏறுவதைக் கண்டு அவர் கரைக்கு ஓடினார். மதகு வாயில் பழுப்புத் தண்ணீர் இரைந்துகொண்டு உள்ளே பாய்ந்தது. கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினார். கதவு பாதி இறங்கி நின்றுவிட்டது. காட்டிலிருந்து அடித்து வந்த நீப்பா என்னும் சதுப்புநிலப் பனையின் மட்டைக் கட்டை ஒன்று அடியில் சிக்கியிருந்தது. கதவைக் கொஞ்சம் தூக்கினால் கட்டை உள்ளே போய்விடும் என்று நினைத்து மறுபக்கமாகச் சுற்றினார். பல்சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் கொக்கி வழுக்கியது. கைப்பிடி அவர் பிடியிலிருந்து உருவிக்கொண்டு சுழன்று, வலது முன்கையில் அடித்தது. எலும்பு இரண்டாக உடைந்தது.

கூப்பிட்டுப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. உடைந்த கையை இடது கையால் தாங்கிக்கொண்டு கரையோடு ஓடித் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்ற கீழ் லயத்தை அடைந்தபோது, தண்ணீர் அவருக்கு முன்னாலேயே அங்கே போயிருந்தது.

கீழ் லயத்தில் சின்னப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு வந்துவிட்டார்கள். கட்டிப்போட்டிருந்த ஆடுகளை அவிழ்க்க நேரமில்லை. அரிசி, துணிமணி, சாமி படங்கள், புதிதாக வாங்கிய ஒரு டிவி, எல்லாம் உப்புத்தண்ணீரில் போயின. கட்டையை எடுத்துக் கதவை இறக்க லோரியும் சங்கிலியும் வருவதற்குள் அடுத்த ஏற்றமும் வந்துவிட்டது. போன வருஷம் நட்ட கன்றுகள் நின்ற அறுபது ஏக்கரிலும் தண்ணீர் தேங்கி நின்றது.

ஹமீதா லீவு முடிந்து வந்தபோது ஆபீஸ் வாசலில் கீழ் லயத்துப் பெண்கள் நனைந்த பாய்களை வேலியில் போட்டுக் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே வாசு தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“நல்லசாமி கதவத் தெறந்து போட்டுட்டு எங்கயோ போய்ப் படுத்துட்டானாம்,” என்றார். “கை ஒடிஞ்சு கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரில கெடக்கான். மானேஜர் வேலைய விட்டு நிறுத்திட்டாரு. கோலாலம்பூருக்கு ரிப்போர்ட்டும் போயிருச்சு.”

ஹமீதாவால் அதை நம்ப முடியவில்லை. நல்லசாமி அப்படிப்பட்டவர் இல்லை. “அன்னைக்குத் தாள்ல எத்தன மணி சார் போட்டிருந்துச்சு?”

“பதினொண்ணு தெறக்க, மூணு மூட.”

அவள் கடல் நேரப் புத்தகத்தை எடுத்து அந்தத் தேதியைப் பார்த்தாள். மதகைப் பன்னிரண்டுக்கே மூடியிருக்க வேண்டும். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, அதன் தேதியை அந்த நாளுக்கு மாற்றிவிட்டுப் பிந்துவைத் தட்டினாள். பன்னிரண்டு என்று சரியாகவே வந்தது. மறுபடியும் தட்டினாள். சரியாகவே வந்தது.

“சார், நீங்க எப்படி எடுத்தீங்கன்னு ஒரு தடவ செஞ்சு காட்டுங்க.”

வாசு தன் அலமாரிக்குள் போனார். அங்கே பிந்து என்ற பெயர் இருப்பதைப் பார்த்ததுமே ஹமீதாவுக்குப் புரிந்துவிட்டது. அவர் இரண்டு தட்டுத் தட்டினார். பதினொன்று, மூன்று என்று தாள் வந்தது.

பிந்துவுக்குள் அவள் எழுதியிருந்தது, ‘இந்தப் பெயருள்ள கோப்பைத் திற’ என்பது மட்டும்தான். எந்த அலமாரியில் இருக்கும் கோப்பு என்று எழுதவில்லை. அவளுடைய அலமாரியில் நின்று தட்டும்வரை அது தன் பக்கத்திலிருந்த இந்த வருஷக் கோப்பைத் திறந்தது. வாசுவின் அலமாரியில் நின்று தட்டியபோது அங்கிருந்த அதே பெயருள்ள போன வருஷக் கோப்பைத் திறந்தது. கோப்பு இல்லையென்றாலாவது இல்லை என்று சொல்லி நின்றிருக்கும். இருந்ததால் ஒன்றும் சொல்லவில்லை.

அவள் இதை வாசுவிடம் இரண்டு முறை சொன்னாள். இரண்டாவது முறை சொல்லும்போது அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

“யார்கிட்டயும் சொல்லாத ஹமீதா.”

“சார், நல்லசாமி அண்ணன் மேல ஒரு தப்பும் இல்ல.”

“எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ் இருக்கு. குவாட்டர்ஸ் இருக்கு. மகன் யூனிவர்சிட்டில இருக்கான்.” அவர் குரல் தாழ்ந்தது. “நான் என்ன கெட்ட எண்ணத்துலயா செஞ்சேன்?”

“உங்க தப்புன்னு நான் சொல்லல. நான் எழுதுனதுதான் தப்பு. நானே சொல்லிக்கிறேன்.”

அவள் மானேஜரின் அறைக்குப் போனாள்.

ரெங்கசாமி கெட்ட மனிதர் இல்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். இடையில், “அப்ப மெஷின் தப்பா அடிச்சுதுன்னு சொல்ற,” என்றார்.

“மெஷின் இல்ல சார். நான் எழுதுன விதம்.”

“சரி, அவன் அங்க நின்னுருந்தா தண்ணி உள்ள வர்றது தெரிஞ்சிருக்குமே. கண்ணு இல்லையா அவனுக்கு?”

“நீங்கதான் சார் அவர கால்வா வெட்டச் சொன்னீங்க.”

சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்டது என்று அவளுக்கு உறைத்தது. மானேஜர் ஜன்னல் பக்கம் பார்த்தார். “நாளைக்கு ஹெட் ஆபீஸ்லேர்ந்து கம்ப்யூட்டர் ஆள் வர்றாரு. அவருகிட்ட காட்டு. அவரு சரின்னா, நான் மேல எழுதறேன்,” என்றார்.

அன்று மாலை பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது ஹமீதாவுக்குச் சற்று நம்பிக்கை இருந்தது. கல்லாவில் உட்கார்ந்திருந்த தகப்பனாரிடம் நடந்ததைச் சொன்னாள். மீரா முகைதீன் கேட்டுக்கொண்டே வெற்றிலையை மடித்தார்.

“ஒன் வேலைக்கு ஒண்ணும் வராதா?”

“வந்தா வரட்டும் வாப்பா.”

“அப்ப போய்ச் சொல்லு,” என்றார்.

மறுநாள் வந்தவர் இருபத்தெட்டு வயதுச் சீன இளைஞர். ஆங்கிலத்தில் சுருக்கமாகப் பேசினார். மானேஜர், வாசு, ஹமீதா மூவரும் அவர் நாற்காலியைச் சுற்றி நின்றார்கள். ஹமீதா கம்ப்யூட்டரின் தேதியை வெள்ளம் வந்த நாளுக்கு மாற்றிவிட்டு, வாசுவின் அலமாரிக்குள் போய்ப் பிந்துவை இரண்டு தட்டுத் தட்டினாள்.

தாள் வரவில்லை. கோப்பு இல்லை என்று திரையில் ஒரு வரி வந்தது.

அவள் அலமாரியில் உள்ளவற்றின் பெயர்களைப் பார்த்தாள். வாசு மதிய வேளைகளில் அடித்துச் சேர்த்த போன வருஷக் கோப்பு அங்கே இல்லை. யாரோ அழித்திருந்தார்கள். அவள் திரும்பி வாசுவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் காதோரம் வியர்த்திருந்தது.

“இது தப்பான நேரம் காட்டலையே. கோப்பு இல்லைன்னுதானே சொல்லுது,” என்றார் கம்ப்யூட்டர் இளைஞர்.

“இங்க ஒரு பழைய கோப்பு இருந்துச்சு. இருங்க.” ஹமீதா தன் மேஜை இழுப்பறையிலிருந்து ஃப்ளாப்பி ஒன்றை எடுத்து வந்தாள். மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் ஃப்ளாப்பியில் பிரதி எடுத்து வைப்பது அவள் வழக்கம். அதிலிருந்து பழைய கோப்பை எடுத்து வாசுவின் அலமாரியில் போட்டாள். அவசரத்தில் முதல் முறை தட்டியது சரியாக விழவில்லை. இரண்டாவது முறை விழுந்தது. பதினொன்று, மூன்று.

“பாருங்க. அன்னைக்கு வந்தது இதுதான்.”

இளைஞர் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தார். அவள் சொன்ன விளக்கத்தைக் கவனமாகக் கேட்டார். அவருக்குப் புரிந்தது, அதில் சந்தேகமில்லை. “இப்படி நடக்கக்கூடியதுதான்,” என்றார். பிறகு மானேஜரைப் பார்த்து, “ஆனா அன்னைக்கு இப்படித்தான் நடந்ததுன்னு நான் எப்படிச் சொல்றது? இவங்க நம்ம கண் முன்னால ஒரு கோப்பைக் கொண்டுவந்து போட்டாங்க. அது என்ன சொல்லுதோ அதை அடிக்குது. எந்தக் கோப்பைப் போட்டாலும் அடிக்கும். அன்னைக்கு அடிச்ச தாள் இருக்கா?” என்று கேட்டார்.

நல்லசாமியின் சட்டைப்பையில் இருந்த தாள் தண்ணீரில் கூழாகிவிட்டது. ஆபீஸ் பிரதியை வாசு ஃபைலில் போடுவார். மானேஜர் கேட்டார்.

“வாசு, ஆபீஸ் காப்பி?”

“தேடிப் பாத்தேன் சார். அன்னைக்கு நான் காப்பி எடுக்கல போலருக்கு.”

“வாசு சார்,” என்றாள் ஹமீதா. அவர் மகளைவிட இரண்டு வயது இளையவள் அவள். அந்த ஆபீசில் முதல் நாள் அவளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டு, இங்கே யாரும் உன்னை ஒன்றும் சொல்ல மாட்டார்கள், பயப்படாதே என்றவர் அவர்தான்.

மானேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “சரி ஹமீதா. நீ சொன்னத நான் கேட்டுக்கிட்டேன்,” என்றார். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் அவள் கிள்ளானுக்குப் போனாள். மீரா முகைதீன் கடையிலிருந்து சோறும் கோழிக்குழம்பும் கட்டிக் கொடுத்திருந்தார். வார்டின் கோடிக் கட்டிலில் நல்லசாமி கையில் மாவுக்கட்டோடு சாய்ந்திருந்தார். பக்கத்தில் லெட்சுமி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். ஹமீதாவைப் பார்த்ததும் நல்லசாமி எழுந்திருக்கப் பார்த்தார்.

“படுங்க அண்ணே.”

“அவ்வளவு தூரத்துலேர்ந்து எதுக்குத் தங்கச்சி வந்தீங்க?”

அவள் சாப்பாட்டுப் பொட்டலத்தை லெட்சுமியிடம் கொடுத்துவிட்டு, நின்றபடியே சொன்னாள். அலமாரி, பழைய கோப்பு எல்லாவற்றையும் எவ்வளவு எளிதாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு எளிதாகச் சொன்னாள். அவருக்குப் பாதி விளங்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. ஆனால் அவள் பேச்சை நிறுத்தியதும் அவர் கேட்டது வேறு.

“அப்ப, தாள்ல மூணுன்னுதான் போட்டிருந்துச்சா?”

“ஆமாண்ணே. மூணுதான்.”

“நான் தப்பாப் படிக்கலியா?”

“இல்லண்ணே. நீங்க சரியாத்தான் படிச்சீங்க.”

நல்லசாமி கண்ணை மூடிக்கொண்டார். மூடிய இமைக்குள்ளிருந்து தண்ணீர் வழிந்தது. “எனக்கு எழுத்து வராது தங்கச்சி, நம்பர் மட்டுந்தான் தெரியும். ஒண்ணத்தான் மூணுன்னு பாத்துட்டேன்னு நெனச்சேன். நான் பாத்த தப்புலதான் அத்தன பேரு வீட்லயும் தண்ணி பூந்துருச்சுன்னு... ராவெல்லாம் அதேதான் நெனப்பு.” இடது கையால் முகத்தைத் துடைத்தார். “லெட்சுமி, கேட்டியா? நான் சரியாத்தான் படிச்சேன்.”

லெட்சுமி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவள் பார்வை ஹமீதாவின் மேலேயே இருந்தது.

“இத மானேஜர்கிட்ட சொன்னீங்களாம்மா?”

“சொன்னேன்க்கா. காட்டவும் காட்டுனேன்.”

“அப்புறம் என்ன சொன்னாரு?”

“கேட்டுக்கிட்டேன்னு சொன்னாருக்கா.”

“மாசக் கடைசில வீட்டக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க,” என்றாள் லெட்சுமி. அவள் குரலில் கோபம்கூட இல்லை. “லயத்துல யாரும் எங்கிட்ட பேசறதில்ல. தண்ணிக் கொழாயில போய் நின்னா வெலகிப் போறாங்க. நீங்க வந்து சொன்னதுக்கு சந்தோஷம். ஆனா நீங்க எங்கிட்ட சொல்லி நான் என்னம்மா செய்ய?”

“நான் லயத்துலயும் வந்து சொல்றேன்க்கா.”

சொன்னபடியே போனாள். ஞாயிற்றுக்கிழமை கீழ் லயத்தில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். சிலர் உட்காரச் சொன்னார்கள். ஒரு கிழவர் தலையாட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, “அதெல்லாம் சரிம்மா. கதவத் தெறந்தது நல்லசாமிதான?” என்றார். இராஜம்மா என்ற பெண், செத்துப்போன தன் ஆடுகளைக் கட்டியிருந்த முளைக்குச்சியைக் காட்டி, “கம்ப்யூட்டருகிட்டயா போய் நான் ஆடு கேக்கறது?” என்றாள். கேலியாகச் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்டாள். கடைசி வீட்டில், நீங்கள் நல்ல மனசோடு அவனுக்காகப் பேசுகிறீர்கள் என்று சொல்லித் தேநீர் கொடுத்தார்கள். அவள் அவருக்காகப் பேசவில்லை, நடந்ததைச் சொல்கிறாள் என்பதை யாரிடமும் நிலைநிறுத்த முடியவில்லை.

தொழிற்சங்கத்து ஆளையும் போய்ப் பார்த்தாள். அவர் அனுதாபமாகப் பேசினார். பெரிய கிராணி ஒரு வார்த்தை சாட்சி சொன்னால் கேஸ் நிற்கும் என்றார். வாசு சார் சொல்ல மாட்டார் என்றாள் ஹமீதா. அப்படியென்றால் கஷ்டம் என்றார் அவர்.

திங்கட்கிழமை காலை ஆபீசுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பிந்துவைத் திறந்து திருத்தினாள். எல்லாவற்றுக்கும் மேலே இரண்டு வரி சேர்த்தாள். யார் எங்கே நின்று தட்டினாலும், முதலில் ஹமீதாவின் அலமாரிக்குப் போய்விடு. அதன் பிறகே எதையும் திற என்பதுதான் அந்த இரண்டு வரியும். நேரத்தோடு வருஷத்தையும் அடிக்கும்படி மாற்றினாள். வாசுவின் அலமாரியிலிருந்த பிரதியையும் மாற்றிவிட்டு, அங்கிருந்து தட்டிப் பார்த்தாள். ஃப்ளாப்பியிலிருந்து தட்டிப் பார்த்தாள். எங்கிருந்து தட்டினாலும் ஒரே நேரம்தான் வந்தது. எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிஷ வேலை. இதை ஜனவரியிலேயே செய்திருக்கலாம். அவள் திரையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். பக்கத்து மேஜையில் வாசு ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமலே எழுந்து வந்தார். ஆறிப்போன அவள் தேநீரை எடுத்துக்கொண்டு போய், வேறு தேநீர் போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். அவள் அதைக் குடிக்கவில்லை.

மீரா முகைதீன் தன் கடையில் நல்லசாமிக்கு ஒரு வேலை போட்டுக் கொடுப்பதாகச் சொல்லி அனுப்பினார். கை சரியாகும்வரை கல்லாவில் காசு வாங்கிப் போடட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார். ஆனால் லெட்சுமியின் தம்பி ராஜுவுக்கு ரவாங்கில் ஃபேக்டரி வேலை. லெட்சுமிக்கும் அங்கேயே ஒரு வேலை பார்த்து வைத்திருந்தான். மாதக் கடைசியில் அவன் ஒரு சின்ன லோரி கொண்டுவந்தான்.

சாமான்கள் ஏறும்போது ஹமீதா ஆபீசிலிருந்து இறங்கி வந்தாள். லயத்தில் பலர் வாசலில் நின்று பார்த்தார்கள். சன்னாசி மட்டும் கட்டிலின் ஒரு முனையைப் பிடித்து ஏற்றிக் கொடுத்தார். நல்லசாமி மாவுக்கட்டுக் கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து நின்றார். எலும்பு நேராகக் கூடவில்லை, மறுபடியும் உடைத்துக் கட்ட வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“அங்க வேல கெடைக்குமாண்ணே?”

“காவக்கார வேல ஏதாச்சும் பாத்துத் தர்றேன்னான் மச்சான். ஒரு கையால டார்ச் லைட் புடிக்கலாம்ல?” சிரிக்கப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “பெரிய கிராணிகிட்ட கோவமா இருக்காதீங்க தங்கச்சி. நேத்து வீட்டுக்கு வந்தாரு. ஒண்ணும் பேசல. கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போயிட்டாரு,” என்றார்.

லெட்சுமி முன் இருக்கையில் பிள்ளைகளோடு ஏறிக்கொண்டாள். லோரி கிளம்பும்போது அவள் ஹமீதாவைப் பார்த்து ஒருமுறை தலையசைத்தாள். அது போய்வருகிறேன் என்பதா, போதும் என்பதா என்று ஹமீதாவுக்குத் தெரியவில்லை.

பிந்துவுக்கு மறுபடியும் இரண்டு ஆள் போட்டார்கள். சன்னாசி திரும்பி வந்தார். கன்றுகள் நின்ற அறுபது ஏக்கரில் ஓலைகள் நுனியிலிருந்து பழுத்துக்கொண்டே வந்தன. மழை பெய்து உப்பைக் கழுவினால் பாதியாவது தேறும் என்று மானேஜர் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வருஷம் மழை பிந்தியது.

ஹமீதா வேலையை விடவில்லை. விட்டால் நல்லசாமிக்கு அதனால் என்ன வரப்போகிறது என்று மீரா முகைதீன் கேட்டார். ஆனால் மதியத்தில் மதகு திறந்திருக்கும் நாட்களில், சாப்பாட்டு நேரத்தில் குடையை எடுத்துக்கொண்டு கரைக்கு நடந்து போவது அவளுக்கு வழக்கமாகிவிட்டது. மதகின் அருகே நின்று, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பாள். காலையில் அவளே அடித்துக் கொடுத்த தாள் சன்னாசியின் கையில் இருக்கும். அதில் தவறு இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

“நாங்கதான் ரெண்டு பேரு நிக்கறோம்ல தங்கச்சி,” என்பார் சன்னாசி. “இந்த வெயில்ல நீங்க வேற எதுக்கு?”

“சும்மாதான்,” என்பாள் அவள். தண்ணீர் வெளியேதான் ஓடிக்கொண்டிருக்கும். அது ஓடுவதைப் பார்த்தபடி ஆபீஸ் மணி அடிக்கும்வரை அங்கேயே நிற்பாள்.